ஓயாக்கரைக் காணி

எல்லப் பக்கம் காணி விற்கிறவர்கள் பேச்சைத் தண்ணீரில்தான் தொடங்குவார்கள். கீழெல்லையில் ஓயா ஓடுகிறது, மேலே ஊற்று இருக்கிறது, எந்தக் கோடையிலும் வற்றாது. அடுத்தது காட்சி. முற்றத்தில் நாற்காலி போட்டால் எல்லப் பாறை நேரே தெரியும். தெற்கே மலைகள் விலகி நிற்கும் இடைவெளியில், மேகம் இல்லாத நாளில், வெல்லவாய சமவெளி வரைக்கும் கண் போகும். பாதை, மின்சாரம், ரயில் நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. உறுதி எப்படி என்று நாமாகக் கேட்டால்தான் அந்தப் பேச்சு வரும். கேட்டதும் தரகரின் குரல் ஒரு படி இறங்கும்.

கனடாவிலிருந்து வந்திருந்த மனைவியின் தம்பியோடு இப்படி ஒரு காணி பார்க்கப் போனேன். பண்டாரவளையில் படித்த பையன். இப்போது ஓய்வூதியக் கணக்குப் பார்க்கிற வயது. "மச்சான், கடைசி காலத்துல பச்சையப் பாத்துக்கிட்டு, தண்ணிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும்" என்று விமான நிலையத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தான். தரகர் காட்டியது நாற்பது பேர்ச் துண்டு. ஒரு சிங்களக் குடும்பத்தின் போஞ்சித் தோட்டமாக இருந்தது, உறுதி சுத்தம் என்றார். கீழே கல்லும் மூங்கிலுமாக ஓடை. "ராத்திரி முழுக்க இந்தச் சத்தம்தான் சேர். வெள்ளக்காரன் இதுக்குத்தான் காசு குடுக்கிறான்." பேர்ச்சின் விலையை அவர் இலட்சங்களில் சொன்னார். மைத்துனன் அதை டொலராக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

மேலெல்லையில் தேயிலை. தேயிலைக்கு மேலே ஒரு லயம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. அங்கேயிருந்து இறங்கும் கறுப்பு ஹோஸ் குழாய் ஒன்று, தரகர் 'நம்ம ஊத்து' என்று காட்டிய இடத்தில்தான் மண்ணுக்குள் செருகியிருந்தது. பீலியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"காணி பாக்க வந்தீங்களா தம்பி?"

"ஆமாங்கம்மா. இவருதான் பாக்கிறாரு."

"பாருங்க, பாருங்க. நல்ல காணி. எடுத்தா இந்தக் கொழாய மட்டும் புடுங்கிறாதீங்க. இருபத்தி நாலு காம்பராவுக்கும் இதுதான் தண்ணி."

மைத்துனன் அந்தக் காணியை வாங்கவில்லை. அதற்குக் காரணம் விலை, குழாய் அல்ல. ஆனால் அந்த அம்மாவின் வேண்டுதல் என்னை விடவில்லை. உறுதி எழுதி, முத்திரைத் தீர்வை கட்டி, நொத்தாரிசு முன்னால் கையெழுத்துப் போட்டுத் தண்ணீரோடு சேர்த்து வாங்கக்கூடிய ஒருவனிடம், பல தலைமுறையாக அதைக் குடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் தயவு கேட்கிறார். சட்டப்படி இருவருக்குமே அந்தத் தண்ணீர் சொந்தமில்லை. பொது நீரோடைகளைப் பயன்படுத்தவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமையை 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டம் அரசின் கையில் வைத்திருக்கிறது. மலையில் அதை யார் பார்க்கிறார்கள்? குழாய் யார் நிலத்தில் போகிறதோ அவர்தான் தண்ணீருக்குத் துரை.

எல்ல ஒரு நகரம் என்று சொல்ல முடியாது. பண்டாரவளையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையில் பசறைப் பாதை பிரியும் ஒரு சந்தி, கொஞ்சம் மேலே ஒரு ரயில் நிலையம். கடல் மட்டத்திலிருந்து 1,041 மீற்றர் உயரம். நுவரெலியாவின் நடுக்கமும் இல்லை, பதுளையின் புழுக்கமும் இல்லை. பண்டாரவளை மலைகளில் பிறக்கும் கிரிந்தி ஓயா இந்த இடைவெளிக்குள் விழுந்து, இராவணா எல்ல அருவியாகப் பாதையோரத்தை நனைத்து, தணமல்வில, லுணுகம்வெஹெர வழியாகத் திஸ்ஸமகாராம வயல்களைத் தாண்டித் தென்கடலுக்குப் போகிறது. மறுபக்கம் தெமோதரையில் சரியும் தண்ணீர் பதுளு ஓயாவில் சேர்ந்து, துன்ஹிந்தவில் குதித்து, மகாவலிக்குள் போய்விடும். ஒரே மழை, மலைமுகட்டின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்து இரண்டு கடல்களுக்குப் பிரிகிறது.

ரயில் 1924இல் பதுளையைத் தொட்டது. தேயிலைப் பெட்டிகளை நினைத்துப் போட்ட பாதை அது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில், இரும்பே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு 1921இல் முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் இன்று தேயிலைப் பெட்டியைப் பார்க்க யாரும் நிற்பதில்லை. ரயில் வரும் நேரத்தை விசாரித்து வைத்துக்கொண்டு பல நாட்டுக்காரர்கள் கைப்பேசியோடு நிற்கிறார்கள். போர் முடிந்த 2009க்குப் பிறகு அந்தக் கூட்டம் வருடத்துக்கு வருடம் ஏறியது. சந்தியில் இருந்த அரிசிக்கடை காப்பிக்கடை ஆனது. அப்புறம் மாடி வந்தது. மாடிக்கு மேல் இன்னொரு மாடி. இப்போது சில இடங்களில், எல்லப் பாறையைக் காட்டி விற்ற கட்டடமே அடுத்த கட்டடத்துக்கு எல்லப் பாறையை மறைக்கிறது.

இந்தச் செல்வம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால், வெளியிலிருந்து வந்தவர்களிடம் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது பாதி உண்மை. எல்லவின் முதல் விடுதிகள் பல உள்ளூர்க் கிராமத்தவருடையவை. அப்பா விட்டுப்போன அரை ஏக்கரில் ஒரு வீடு; முன்பக்கத்து அறையை வெள்ளையடித்து, கட்டிலும் நுளம்பு வலையும் போட்டு, காலையில் பாற்சோறும் சம்பலும் கொடுத்து ஒரு வெள்ளைக்காரனைத் தங்க வைத்தார்கள். அந்தக் காசில் கழிப்பறை. கழிப்பறை வந்ததும் இரண்டாவது அறை. பிறகு காணி உறுதியை வங்கியில் வைத்து ஒரு கடன், கடனில் மேல்மாடி. தேயிலை விலையையும் மரக்கறி விலையையும் நம்பி ஏழையாகவே இருந்த குடும்பங்கள் பத்துப் பதினைந்து வருடத்தில் தலைநிமிர்ந்தன. அதில் எனக்குச் சந்தோஷம்தான். சுற்றுலா பற்றி மூக்கைச் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

அதே பாலத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் லயங்களில் இருக்கும் குடும்பங்களுக்கு ஏன் அது நடக்கவில்லை? அவர்களுக்கும் சமைக்கத் தெரியும்; பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகிறார்கள், கொஞ்சம் பிரெஞ்சும் ஹீப்ருவும்கூட. காட்சி என்று பார்த்தால், லயத்து வாசலில் இருந்து தெரிகிற காட்சிக்குக் கீழே விடுதிகள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. குறை ஒன்றுதான்: அந்தக் காம்பரா அவர்களுடையது அல்ல. அதை ஈடு வைக்க முடியாது, விற்க முடியாது, வாடகைக்குக் கொடுக்க முடியாது, தோட்ட நிர்வாகத்தைக் கேட்காமல் ஒரு சுவரைத் தள்ளிக் கட்டவும் முடியாது. உள்ளூராட்சி உரிமமோ சுற்றுலா அதிகாரசபைப் பதிவோ எடுக்கப் போனால், இடம் உன் பெயரிலா, குத்தகையிலா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டும் இல்லை. ஆகவே கிராமத்துப் பையன் விடுதி முதலாளி ஆனான். லயத்துப் பையன் அந்த விடுதியில் ரூம் பாய் ஆனான், இல்லாவிட்டால் லீசிங்கில் ஓட்டோ எடுத்தான். லயத்து அம்மா கூடையோடு படத்துக்கு நிற்கிறார், யாராவது நூறோ இருநூறோ கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். 2024 செப்டம்பரில் அவருடைய நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. எல்லச் சந்தியில் இரண்டு பேர் காப்பியும் கேக்கும் சாப்பிட்டு எழுந்தால் அது முடிந்துவிடும்.

காணியுரிமை என்றதும் நம்முடைய மேடைகளில் 'மண்ணோடு பந்தம்', 'தாய்மண்' என்று உணர்ச்சி பொங்கும். பேசட்டும். ஆனால் எல்ல காட்டித்தருவது அதைவிட வறட்டுத்தனமான ஒன்று. ஒரு துண்டுக் கடதாசி இருந்தவன் வீட்டுக்கு வந்த அதிர்ஷ்டம், அது இல்லாதவன் வாசல் வழியாக நடந்துபோனது. படிப்பும் உழைப்பும் சமமாக இருந்தும் அப்படித்தான் நடந்தது.

அந்தக் கடதாசி எப்படி இல்லாமல் போனது என்பது பழைய கதை. சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊவாவில் அது சிங்களக் கிராமத்தவரின் கதையும்கூட. 1817-18இல் ஊவா வெள்ளையனுக்கு எதிராக எழுந்தது. அடக்க வந்த படை வயல்களையும் வீடுகளையும் எரித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு 1840இல் 12ஆம் இலக்கச் சட்டம்: காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குச் சொந்தம். சேனைப் பயிர் செய்தவனிடமும் மாடு மேய்த்தவனிடமும் நிரூபிக்க என்ன ஓலை இருந்தது? அந்த நிலங்களை ஏக்கர் ஐந்து சிலிங்கிலிருந்து விற்றார்கள். சட்டம் போட்டவர்களும் நீதி சொன்னவர்களுமே வரிசையில் நின்று வாங்கினார்கள். கோப்பி வந்தது, 1869இல் கோப்பிக்கு நோய் வந்தது, தேயிலை வந்தது. நிலத்தைப் பறிகொடுத்த கிராமம் கீழே பள்ளத்தாக்கில் நின்றது. அந்த நிலத்தில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வரப்பட்ட ஆட்கள் மேலே லயத்தில் நின்றார்கள். இருவருக்கும் நடுவில் வேலி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தே தங்கள் இழப்பைப் பேசப் பழகினார்கள். வேலி போட்டவன் கப்பல் ஏறிப் போய்விட்டான்.

கிராமத்தவருக்குக் காலம் கடந்தாவது அரசு கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்திலிருந்து அனுமதிப்பத்திரம், அளிப்புப் பத்திரம் என்று ஒவ்வொரு ஆட்சியும் ஒவ்வொரு பெயரில் கொடுத்தது. 2024இல் 'உறுமய' என்ற பெயரில் முழு உரித்தே தருவதாகச் சொன்னார்கள். 1935 சட்டத்தின் 'இலங்கையர்' என்ற வரம்புக்குள் வராத தோட்டத் தொழிலாளி அந்த வரிசைக்கு வெளியே நின்றார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வரிசையையே காணாமல் ஆக்கியது. நாடற்றவனுக்கு நிலம் ஏது? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த எல்லாருக்கும் பிரஜாவுரிமை என்று சட்டம் வர 2003 ஆனது. இதற்கிடையில் காணி கேட்டு எழுந்த சந்தர்ப்பங்கள் இல்லாமல் இல்லை. 1946இல் கேகாலைப் பக்கம் உருளவள்ளித் தோட்டத்தில், வீட்டோரம் தோட்டம் போட்டுக் குடியிருந்தவர்களைக் கிளப்பியபோது பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1977 மே மாதம், ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. அந்தப் பெயர் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. தோட்டத்து வீடுகளில் இருக்கிறது.

லயக் காம்பராவைப் பார்க்காதவர்களுக்காக: பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, அதற்கு முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. ஒரே கூரை, பக்கத்துக் காம்பராவில் பாட்டி இருமினால் இங்கே குழந்தை எழும். இஸ்தோப்பைத் தகரமோ பலகையோ வைத்து அடைத்து அடுப்படி ஆக்கியிருப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் ஒரு சீலை நடுவே தொங்கும். பதுளைப் பக்கம் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' கதையைப் படித்தவர்களுக்கு, வயது வந்த பிள்ளைகளோடு அந்த அறைக்குள் ஒரு தாயும் தகப்பனும் படும் பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இடநெருக்கடி அவ்வளவு இருந்தும் லயத்து வாசலைப் பாருங்கள்: ஒரு முழ அகலத்தில் டேலியா, ரோஜா, ஒரு கறிவேப்பிலை, ஜாம் போத்தலில் ஒரு துளசி. மண்ணெண்ணெய் டின்னில்கூட மிளகாய் வைத்திருப்பார்கள். வாசலுக்கு அப்பால் அவர்கள் நடக்கூடிய மண் இல்லை. அது கம்பனியின் தேயிலை. 'பச்சைப் பசேல்' என்று விளம்பரத்தில் வரும் அந்தப் பச்சையைக் கவ்வாத்து வெட்டி, உரம் போட்டு, கான் வெட்டிக் காத்தவர்கள் தங்களுக்கென்று பயிர் செய்வது டின்னில்.

முகவரியும் இல்லை. தோட்டப் பெயர், பிரிவின் பெயர், லயத்தின் நம்பர்; கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கேயிருந்து கைமாறிக் கைமாறி, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு வீட்டுக்கு வரும். பிரதேச சபை தோட்டத்துக்குள் வந்து தன் காசில் பாதை போடவும் 2018 வரை சட்டத்தில் தடை இருந்தது. வாக்குக் கேட்க வரத் தடை எதுவும் இருந்ததில்லை.

எல்லவில் சின்ன சிவனொளிபாதமலைக்குப் போகும் வழியில் தேயிலைக்கு நடுவே ஒரு விடுதி இருக்கிறது. அதன் பெயர் '98 ஏக்கர்ஸ்'. தான் நிற்கிற தேயிலைக் காணியின் அளவையே பெயராக வைத்துக்கொண்ட விடுதி. அழகான இடம், குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பெயரைப் பார்க்கும்போது மலையகத்துக்காரன் மனதில் தானாக ஒரு கணக்கு ஓடும். ஏக்கருக்கு 160 பேர்ச். 98 ஏக்கர் என்றால் 15,680 பேர்ச். லயத்துக் குடும்பம் ஒன்றுக்கு அரசு ஒத்துக்கொண்டது ஏழு பேர்ச். அந்த ஒரு பெயருக்குள் ஏழு பேர்ச் துண்டுகள் 2,240 அடங்கும்.

ஏழு பேர்ச் என்பது 1,900 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் வீடு 550 சதுர அடி. மீதியில் கழிப்பறைக் குழி, பாதைக்கு ஒரு துண்டு, மண் சரியாமல் இருக்க ஒரு கல்லணை. ஊவாவின் சரிவில் ஏழு பேர்ச் என்றால் நடக்கக்கூடிய சமதரை அதில் பாதிதான். 2023இல், மலையக மக்கள் இங்கே வந்து இருநூறு வருடமானதைத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தபோது, பத்து பேர்ச் என்று பேச்சு வந்தது. இருபது வேண்டும் என்பவர்களும் உண்டு. இருபது என்பவர்கள் பக்கம்தான் நான். ஆனாலும் பேர்ச் எண்ணிக்கையில் ஏலம் போட்டுப் போட்டு, அதைவிடப் பெரிய கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டோம் என்று படுகிறது. கொடுத்த வீட்டுக்கு உறுதி எங்கே? திறப்பு விழாவில் சாவி கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். உறுதி பிறகு வரும் என்கிறார்கள். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி வந்து சுமார் இரண்டாயிரம் குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தார். நல்லது. அது வங்கி ஏற்றுக்கொள்ளும் அறுதி உறுதியாக, காணிப் பதிவகத்தில் ஏறும் வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதில் யார் பெயர் என்பதும் முக்கியம். கொழுந்து எடுக்கிற பெண்ணின் செக்ரோல் பெயரில்தான் பல குடும்பங்களின் காம்பரா நிற்கிறது; உறுதி வரும்போது 'குடும்பத் தலைவர்' என்று ஆண் பெயர் ஏறிவிடக் கூடாது.

காணி வாங்க வரும் வெளிநாட்டவரின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அந்நியப் பிரஜைக்கு இலங்கையில் காணி விற்க முடியாது. 99 வருடம் வரை குத்தகைக்குக் கொடுக்கலாம். வெளிநாட்டுக்காரன் மலையை வாங்கிவிட்டான் என்று ஊரில் பேசுவது பெரும்பாலும் குத்தகை, அல்லது உள்ளூர்க்காரர் பெயரில் நடக்கும் கண்ணாமூச்சி. அப்படி வாங்கி, அந்த உள்ளூர்க்காரர் மனம் மாறி, கோர்ட்டில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். என் மைத்துனனிடம் இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தது, அதனால் அவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. எண்பதுகளில் தகப்பனுடைய பாஸ்போர்ட்டுக்காகப் பதுளைக் கச்சேரிக்கும் கண்டிக்கும் அலைந்த குடும்பம் அது. இப்போது இரண்டு பாஸ்போர்ட்டோடு வந்து ஓயாக்கரையில் நாற்பது பேர்ச் பார்க்கிறான் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது, மறைப்பானேன்.

மலையில் காணி வாங்குவதற்கு இன்னொரு முகம் உண்டு. தரகர் அதைச் சொல்ல மாட்டார். 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணிக்கு மேல், கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தின் மேல் மலை இறங்கியது. லயங்கள் கோவிலோடு சேர்ந்து மண்ணுக்குள் போயின. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 'எச்சரித்தும் ஏன் போகவில்லை?' என்று தொலைக்காட்சியில் ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. போவதற்கு எங்கே காணி? தப்பியவர்கள் மாகல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் சீலை மறைப்புக் கட்டி இரண்டு வருடம் இருந்தார்கள். 2016இல்தான் வீடு கிடைத்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மறுபடி மண் இறங்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று.

தண்ணீரும் அப்படித்தான். 'எந்தக் கோடையிலும் வற்றாது' என்ற வாக்கை ஊவாவில் யாரும் கொடுக்க முடியாது. உமா ஓயாத் தண்ணீரைத் தெற்குக்குத் திருப்ப மலையைக் குடைந்தபோது, 2014 கடைசியில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளையைச் சுற்றிக் கிணறுகள் இறங்கின, ஊற்றுகள் நின்றன, வீடுகளின் சுவர் வெடித்தது. 2017இல் மக்கள் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தார்கள். 2024 ஏப்ரலில் திட்டத்தைத் திறந்தார்கள்; அந்தத் தண்ணீர் எல்லவுக்கும் வெல்லவாயவுக்கும் நடுவே கரந்தகொல்லைப் பக்கம் பூமிக்கடியில் மின்சாரமாகி, கிரிந்தி ஓயா வடிநிலத்துக்கு இறங்குகிறது. வீடு வெடித்தவருக்கு நட்டஈடு கிடைத்த கதைகளும் உண்டு, அலைந்து ஓய்ந்த கதைகளும் உண்டு. எதற்கும் முதலில் கேட்டது உறுதியைத்தான். லயத்துச் சுவர் வெடித்தால் அது யாருடைய சுவர்?

ஆகவே காணி பார்க்கக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்கும் வெளிநாட்டு உறவினர்களுக்கு இப்போதெல்லாம் நான் சொல்வது இவ்வளவுதான். வாங்குங்கள், வாங்காதீர்கள் என்று சொல்ல நான் யார், நீங்களும் இந்த மலையின் பிள்ளைகள்தானே. காட்சியை ஒரு பகல் மட்டும் பாருங்கள். மழை பெய்கிற நாளில் இன்னொரு தடவை வந்து, மேலே ஏறிப் போய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். தேயிலை பிடுங்கித் துண்டு போட்ட காணி என்றால், அது தோட்டக் காணிதானா, யார் பிரித்தார், எந்த அதிகாரத்தில் பிரித்தார் என்று காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்து ஏட்டைப் புரட்டச் சொல்லுங்கள். அந்த நிலத்துக்குள் லயத்துக் குழாய் ஏதாவது போகிறதா என்று கேட்டு, போகிறது என்றால் அது அப்படியே போகும் என்று உறுதியிலேயே ஒரு வரி எழுத வையுங்கள். நொத்தாரிசு சிரிப்பார், எழுதிக் கொடுப்பார். அந்த அம்மா இனி யாரிடமும் கெஞ்ச வேண்டி வராது.

தோட்ட மக்களுக்கும், அவர்கள் பெயரில் பேசுகிற தலைவர்களுக்கும் வேறொரு கணக்கு இருக்கிறது. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் என்று அரசு தோட்டங்களை எடுத்தது. 1992இல் நிர்வாகத்தை 22 பிராந்தியக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. பிறகு நிலத்தை 53 வருடக் குத்தகைக்கு எழுதியது. எடுத்தபோதும் கொடுத்தபோதும் லயத்தில் இருப்பவரை யாரும் ஒரு தரப்பாக உட்கார வைக்கவில்லை. லயமும் அதில் இருந்த ஆட்களும் நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்டார்கள். அந்தக் குத்தகை 2045இல் முடிகிறது. அன்றைக்கு மேசையில் புதுக் கடதாசி விரிக்கும்போது, ஒன்பது வளைவுப் பாலத்தையும் எல்லப் பாறையையும் பார்த்த சரிவுகளுக்கு இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு விலை இருக்கும். கேட்க வருகிறவர்கள் தேயிலைக்காக வரமாட்டார்கள். லயங்களும் அவற்றைச் சுற்றிய நிலமும் அதற்குமுன் நில அளவைப் படத்தில் தனித்துண்டுகளாகப் பிரிந்து, குடியிருப்பவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். 2045க்கு இன்னும் இருபது வருடம்கூட இல்லை.